கிளார்க் கீ வெளிமுகம்: குடையும் வண்ணமும்

"கிளார்க் கீயை மறுபடி புதுப்பித்துவிட்டார்களாமே, முன்னைக்கு இப்போது தேவலையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஐந்து தொகுதிக் கிட்டங்கிகள் (பழைய சரக்குக் கிடங்குகள்), கடைகள், உணவகங்கள், 62 மில்லியன் வெள்ளிச் செலவு, பகலிலும் ஆள் வரவேண்டும் என்ற நோக்கம், 2024இல் 'சிகியூ அட் கிளார்க் கீ' என்ற புதுப்பெயர். இவ்வளவும் சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்தவை. எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்பதைப் பிறர் எழுதுவார்கள். நான் எழுதப்போவது வெளிமுகம் பற்றி மட்டும்: தலைக்கு மேல் குடையாக நிற்கும் தெருக்கூரை, சுவரில் இருக்கும் வண்ணம்.

முதலில் குடை. 1993இல் இந்த இடம் 'விழாக் கிராமம்' என்ற பெயரில் திறக்கப்பட்டபோது தொகுதிகளுக்கு இடையிலான தெருக்கள் திறந்தவெளியாகவே கிடந்தன. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைகூடத் தள்ளியில்லாத ஊர் இது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதுவும் கடிகாரப்படி 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1 மணிக்கு. அந்த நேரத்தில் எந்தச் சுவரும் தெருவில் நிழல் தராது. அந்தக் காலத்தில் இதற்குக் கண்ட வழி ஐந்தடிப் பாதை. கட்டடத்தின் மாடியே தாழ்வாரமாக நீண்டு நடப்பவர் தலையைக் காக்கும். ஆனால் தெருவின் நடுவில் மேசை போட்டு உட்காரவைக்க வேண்டுமென்றால் ஐந்தடி போதாது.

2006இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வில் ஆல்சாப்பின் குழு அதற்கு ஒரு வழி கண்டது. தெருவில் எஃகுத் தூண்களை மரம்போல் நட்டு, கிளை விரித்து, அவற்றின்மேல் ஒளி ஊடுருவும் படலக் கூரை போட்டார்கள். நான்கு தெருவும் நடுவில் நீரூற்றுச் சதுக்கத்தில் கூடுகின்றன. குடையும் அங்கேதான் கூடுகிறது. மூடிய அங்காடிபோல் குளிர்சாதனம் போட்டுக் கதவடைக்கவில்லை. பக்கங்கள் திறந்திருக்கின்றன. சூடான காற்று மேலேறி வெளியேறுகிறது, விசிறிகள் கீழே காற்றை அசைக்கின்றன. வெயிலின் நேரடிக் கதிர் உடம்பில் படாதவரை இந்த ஊரின் 31, 32 பாகையைப் பொறுத்துக்கொள்ளலாம். நமக்கு உறைக்கும் வெக்கையில் பெரும்பங்கு கதிராலும் காற்று அசையாததாலும் வருவது. அந்த இரண்டையும் இந்தக் குடை கவனிக்கிறது. பகல் 1 மணிக்குச் சதுக்கத்தில் அரைமணி நேரம் நிற்க முடிகிறது என்பதே இந்த வட்டாரத்தில் பெரிய காரியம்.

படலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பலர் இதைக் கண்ணாடி என்றோ சாதாரண பிளாஸ்டிக் தாள் என்றோ நினைக்கிறார்கள். இது இடிஎஃப்இ என்ற ஃபுளூரின் கலந்த பாலிமர், உறுதியான பிளாஸ்டிக் வகை. 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம்தான் இருக்கும். அதே பரப்புக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி 15 கிலோ. கண்ணாடி போட்டிருந்தால் தூண்கள் இன்னும் தடித்திருக்கும், தெருவே தூண்காடாகியிருக்கும். வெயிலில் இது மஞ்சளாவதில்லை. மேற்பரப்பு வழுவழுப்பானது என்பதால் தூசியின் பெரும்பகுதியை மழையே கழுவிவிடும். சிறு கிழிசலுக்கு அதே பொருளில் ஒட்டு உண்டு. பெரிதானால் அந்தப் பலகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். வெப்பத்தைக் குறைக்கப் படலத்தின்மேல் புள்ளிகளை அச்சிடுவார்கள். புள்ளி அடர்ந்தால் நிழல் கூடும், வெளிச்சம் குறையும். எந்த அளவில் நிறுத்துவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. அண்மைச் சீரமைப்பில் இந்தக் கூரையும் மேம்படுத்தப்பட்டிருக்கிறது. செலவழித்த பணத்தில் உருப்படியாகப் போனது இந்தப் பங்குதான் என்பது என் எண்ணம்.

குறை இல்லாமல் இல்லை. படலம் இழுத்துக் கட்டிய தோல். கனமழை பெய்தால் பறை மாதிரி அதிரும். எதிரில் இருப்பவரிடம் குரல் உயர்த்தித்தான் பேசவேண்டும். இரண்டாவது, சாரல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. அதில் சுமத்ரா பக்கமிருந்து விடியலில் வரும் சூறைக்காற்று மழை பக்கவாட்டில் அடிக்கும். பக்கம் திறந்த கூரைக்கு அதைத் தடுக்கும் வழியே இல்லை. குடையின் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உள்ளே வந்தால்தான் கால் நனையாது. மழைநாளில் இடம் பிடிக்கிறவர்கள் ஆற்றை ஒட்டிய மேசைக்கு ஆசைப்படாமல் நீரூற்றுப் பக்கம் போய்விடுங்கள். இந்த இரண்டு குறையையும் நான் பொறுத்துக்கொள்வேன். காற்றுக்குத் திறந்த கூரை என்றால் அதற்கான விலையும் உண்டு.

இந்தக் குடையைத் திட்டுகிறவர்கள் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு ஒன்று: "பழைய ஓட்டுக்கூரையின் வரிசையை மறைத்துவிட்டது." உண்மைதான். உள்தெருவில் நின்று அண்ணாந்தால் ஓடும் முகடும் முழுசாகத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடை தன் தூணில் தானே நிற்கிறது; பழைய சுவரின்மேல் பாரம் ஏற்றவில்லை. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், கிட்டங்கி பழையபடி நிற்கும். தான் இந்தக் காலத்துப் பொருள் என்பதையும் அது மறைக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்குப் பக்கத்தில் புதியது வரவேண்டுமானால் இப்படித்தான் வரவேண்டும்.

இப்போது வண்ணம். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது.

1989இல் கிளார்க் கீ மரபுக் கட்டடப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையம் சொல்லும் விதி மூன்று: முடிந்தவரை அப்படியே தக்கவை, உணர்ந்து மீட்டமை, கவனமாகப் பழுதுபார். சுவர், கூரை, சன்னல், ஐந்தடி எல்லாம் தக்கவைக்கப்பட்டன. அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் 2006க்குப் பிறகு ஆற்றைப் பார்த்த முகப்பில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வண்ணம் வந்தது: ஊதா, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு. உல்லாசப் பயணிகளின் படங்களில் இருப்பது இந்த வரிசைதான். "பழைய சிங்கப்பூர் எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது" என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இவை சரக்கு வைத்த கட்டடங்கள். கிட்டங்கிக்குப் பூசியது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பில் மண்சாயம் கலந்தால் கிடைக்கும் நிறங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை: வெள்ளை, பாலேடு, காவி, வெளிர்மஞ்சள், நீலம் கலந்தால் வான்நீலம். இரண்டு மழைக்காலம் போனால் நிறம் வெளிறும், சுவருக்குச் சுவர் வேறுபடும். அந்த மங்கலுக்குள் முகப்பு வரிசை ஒரே உடம்பாகத் தெரியும். முகடும் சன்னலும் நிழலும் கண்ணில் படும். கட்டுக்கொரு பளீர் நிறம் அடித்தால் கண் நிறத்தை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடுகிறது. நீளமான ஒரே கிட்டங்கித் தொகுதி பத்துப் பதினைந்து பொம்மை வீடுகளாகிவிடுகிறது.

இது ரசனைச் சண்டை மட்டும் என்று தள்ளிவிடமுடியாது. எந்தப் பழைய செங்கல் சுவருக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இதில் உண்டு. ஆற்றங்கரைச் சுவர் அடிமண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரம்வரை ஏறும். சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும் அந்த ஈரத்தை மூச்சுபோல் வெளியே விடும். நீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்தால் போகும். அதே சுவரின்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் ஏற்றினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகும், விரியும், காரையைத் தள்ளும். முதலில் குமிழ், பிறகு பொருக்கு, கடைசியில் கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தில் மறுபடி அதே வண்ணத்தை அடித்தால் அடுத்த முறை இன்னும் உயரத்தில் பெயரும். ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறும்.

பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள் கேட்பதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். காசால் சுவரைத் தட்டுங்கள்; பொள்ளல் ஒலி வரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு வெளியே ஒரு முழம் சேர்த்துக் காரையை உரித்துவிடவேண்டும். செங்கல் இணைப்புகளை 15, 20 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, நனைத்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு உரித்தால் உப்பின் ஒருபகுதி அதோடு வந்துவிடும். இதை இரண்டு, மூன்று முறை செய்வது நல்லது. பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடவேண்டும், அடுத்த பூச்சுக்கு அவசரப்படக்கூடாது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு நான்கு வாரமாவது விட்டுச் சிலிகேட் வண்ணம். இது சுண்ணாம்போடும் மணலோடும் வேதிவினையால் பிணையும், மேலே தோல்போல் மூடாது. ஆனால் பழைய பிளாஸ்டிக் வண்ணத்தின் மிச்சம் இருந்தால் பிடிக்கவே பிடிக்காது, முழுக்கச் சுரண்டியாகவேண்டும். பலரும் பாதியில் கைவிடுவது இந்த இடத்தில்தான். இந்த வகை வண்ணங்களில் கிடைக்கும் நிறங்கள் பெரும்பாலும் மண்சார்ந்தவை. சுவருக்கு எது நல்லதோ அதுவே கண்ணுக்கும் அமைதியாக இருக்கிறது.

நியாயமாகப் பேசினால், பளீர் நிறத்துக்கும் காரணம் உண்டு. இரவு இடமாக வளர்ந்த வட்டாரம் இது. விளக்கொளியில் மங்கல் சுவர் தெரியாது; எதிர்க்கரையிலிருந்து ஆளை இழுக்க நிறம் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் பகலிலும் ஆள் வரட்டும் என்று தீர்மானித்த பிறகு முகப்புக்கு வேறு கணக்குப் போட்டிருக்கலாம். கூரையில் காட்டிய துணிச்சலைச் சுவரிலும் காட்டியிருக்கலாம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இந்த ஆறு நம்மவருக்கும் பழக்கமான ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள். பிறகுதான் சீனர்களின் படகுகள் மேலோங்கின. ரீட் பாலத்தில் மாலையில் தியோச்சூ சீனப் படகோட்டிகள் கூடிக் கதை கேட்டார்கள். கீழே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள். மேலே டேங்க் ரோட்டில் அவர்கள் 1859இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன, 1987க்குள் ஆறு சுத்தமானது. 2008இல் மரினா அணை திறந்தபின் கடல்நீர் ஏறி வற்றும் அலை நின்று, ஆறு நிலையான மட்டத்தில் வாய்க்கால்போல் அடங்கிவிட்டது. படகும் போய், அலையும் போய், பக்கத்தில் லியாங் கோர்ட் அங்காடியும் போய் அங்கே கேனிங் ஹில் பியர்ஸ் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழும்பிய பிறகு, பழைய காலத்துக்குச் சாட்சியாக மிஞ்சியது இந்தச் சுவர்கள்தான். சாட்சிக்கு வேடம் போடக்கூடாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: கிளார்க் கீ எம்ஆர்டி ரயில் நிலையம் எதிர்க்கரையில் இருக்கிறது, வெளியே வந்து ரீட் பாலத்தைக் கடக்கவேண்டும். ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் இறங்கினால் கிட்டங்கியின் முதுகுப்பக்கம் வருவீர்கள், டேங்க் ரோட்டுக் கோயிலுக்கும் அதுவே வசதி. தைப்பூசத்தன்று இரண்டையும் சேர்க்க நினைத்தால் காரில் போவதை மறந்துவிடுங்கள். முகப்பு ஏறத்தாழத் தென்மேற்கைப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெயில் நேரே அடிக்கும். படத்துக்கு மாலை 5 மணிக்குமேல் எதிர்க்கரை நல்லது. கூரை முகடுகளைப் பார்க்க ரீட் பாலத்தின் நடுவே நில்லுங்கள். அங்கே குடையும் ஓடும் சேர்ந்து தெரியும்.

மதிப்பெண் கேட்டால் குடைக்கு ஐந்தில் நாலரை, வண்ணத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் 'நன்று' என்றுதான் வரும். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில் "முன்னைக்குத் தேவலை இல்லை" என்பதே. குடையைப் பற்றி இவ்வளவு எழுதியும் பதிலை மாற்ற மனம் வரவில்லை. குடைக்குக் கீழே நிழல் சுகமாக இருக்கிறது. அங்கிருந்து பார்க்கக் கிடைப்பதோ அந்தச் சுவர்கள். இன்னொரு முறை சாரம் கட்டும்போது ஒரே ஒரு தொகுதியையாவது சுண்ணாம்பு நிறத்துக்குத் திருப்பட்டும், பிறகு மறுபடி கேளுங்கள்.