கார்ப்பரேட்டர் கழுவ அல்ட்ராசோனிக் கிளீனர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சோக் போட்டால்தான் வண்டி ஓடுகிறது, இறக்கினால் நின்றுவிடுகிறது. ஐடிலிங் பிடிப்பதில்லை. ஆக்சிலேட்டரை மெல்லத் திருகும்போது ஒரு திக்கல், அதைத் தாண்டிவிட்டால் நன்றாகப் போகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரில், பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்கு வேண்டிய பெட்ரோலை விடும், நடுவில் துளையிட்ட சின்னப் பித்தளைத் திருகு) அதை ஒட்டிய நுண்துளைகளும் அடைத்திருக்கும். இந்த ஒரு கோளாறுக்காகத்தான், தொட்டியில் ஊற்றிய தண்ணீரை அதிரவைத்து அழுக்கைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கினேன். சில வருடங்களாக என் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கும் நண்பர்களின் ஸ்ப்ளெண்டர், யூனிகார்ன், கிளாசிக் 350 வண்டிகளுக்கும் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய விலையில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. ஆனால் கார்ப்பரேட்டரை அப்படியே தொட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் கார்ப்பரேட்டர் சர்வீஸ் என்றால் பெட்ரோலில் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பது, காற்று அடிப்பது, அப்படியும் திறக்காவிட்டால் கிளட்ச் வயரிலிருந்து ஒரு இழையைப் பிரித்து ஜெட்டுக்குள் குத்துவது. முதல் இரண்டிலும் தப்பில்லை. மூன்றாவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஜெட் பித்தளை, வயர் இரும்பு. கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 38 என்று எண் இருந்தால் அதன் துளை ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். அதை இரும்புக் கம்பியால் குடைந்தால் வட்டம் கோணலாகும், அளவும் கூடும். அப்புறம் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ட்யூனிங் பிடிக்காது. அதற்கும் மேல், கார்ப்பரேட்டர் உடம்புக்குள் வளைந்து போகும் பாதைகளுக்கு வயர் போகவே போகாது. ஸ்லைடுக்கு (ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறி இறங்கும் அடைப்பு) கீழே ஊசி முனையளவில் இருக்கும் பைபாஸ் துளைகளுக்கும் அதே கதிதான்.

இப்போது இந்தப் பிரச்சினை முன்பைவிட அதிகம். 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை எடுக்காமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலின் அடியில் தண்ணீர் தங்கி, வெள்ளையாகப் பூத்துப்போகும். மேலே இருந்த பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசினை விட்டுச் செல்லும். இன்னொரு பக்கம், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்றதே 1996-ல். அதோடு வந்த மிக்குனி நிறுவனக் கார்ப்பரேட்டர் ஒன்று கெட்டுப்போனால், அதே தரத்தில் இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். சென்னையில் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் டூப்ளிகேட் தாராளமாகக் கிடைக்கும். மாட்டினால் வண்டியும் ஓடும். ஆனால் மைலேஜும் ஐடிலிங்கும் ஒரிஜினலில் இருந்தது போல வராது. அடைத்துக்கொண்டது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல ஒரிஜினலைப் பழைய இரும்புக்குப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மெஷின் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

என்னுடையது 3 லிட்டர் தொட்டி, 40 கிலோஹெர்ட்ஸ், ஹீட்டரும் டைமரும் உள்ள சாதாரண வகை. தொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும், மின்சாரத்தை அதிர்வாக்கும் டிரான்ஸ்டியூசர்கள் தண்ணீரை அதிரவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உருவாகி உடனே உடையும். உடையும் இடத்தில் ஏற்படும் அடிதான் அழுக்கைப் பெயர்க்கிறது. தண்ணீர் புகும் இடமெல்லாம் குமிழும் உருவாகும் என்பதால் பிரஷ் எட்டாத பாதையும் சுத்தமாகிறது. நகை, மூக்குக்கண்ணாடிக்கென்று விற்கும் அரை லிட்டர்ச் சின்ன டப்பாக்கள் ஜெட்டுக்கு மட்டும் போதும், கார்ப்பரேட்டர் உடம்புக்குச் சக்தி பத்தாது.

வாங்கினதும் அலுமினியத் தாள் சோதனையைச் செய்துவிடுங்கள். சமையலறையில் இருக்கும் மெல்லிய தாளை ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டினால், தாள் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்து ஆங்காங்கே ஓட்டையும் தெரியவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தால் அந்தப் பக்கத்து டிரான்ஸ்டியூசர் வேலை செய்யவில்லை. இன்றும் அவ்வப்போது இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

கழுவுவதில் பாதி வேலை பிரிப்பதுதான். ஃப்ளோட், நீடில் வால்வு, ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் வெளியே வரவேண்டும். யூனிகார்ன், கிளாசிக் 350 மாதிரி வேக்குவம் கார்ப்பரேட்டர் என்றால் டயாஃப்ரத்தைக் கழற்றாமல் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. அந்த மெல்லிய ரப்பருக்குச் சூடும் சோப்பும் ஆகாது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் முழுக்க உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்புற மண்ணையும் கிரீஸையும் முதலிலேயே பிரஷ்ஷால் கழுவிவிடுங்கள். அதைத் தொட்டிக்குள் கொண்டுபோனால் கரைசல் உடனே கெட்டுவிடும்.

கரைசலுக்கு நான் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறேன், கடையில் பேட்டரி தண்ணி என்று கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து, சுத்தம் செய்த பாகத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதோடு பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமிருந்தால், அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று லேபிளில் போட்டிருக்கும் டீகிரீசரைக் கலக்கலாம். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். கார்ப்பரேட்டர் உடம்பு துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. காஸ்டிக் அதைத் தின்றுவிடும், கறுத்தும் போகும். எலுமிச்சை, வினிகர் யோசனைகளும் துத்தநாகத்துக்கு நல்லதில்லை. பெட்ரோல், தின்னர் போன்ற எரியும் திரவத்தைத் தொட்டியில் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. கீழே ஹீட்டரும் மின்சாரமும் இருக்கின்றன. எர்த் உள்ள த்ரீ பின் சாக்கெட்டில்தான் செருகவேண்டும்.

கரைசலை ஊற்றியதும் பாகங்களைப் போடாமல் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிடுவேன். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் மெஷினின் முழு பலமும் கிடைக்கும். வெப்பம் 55 முதல் 60 டிகிரி. பாகங்களைக் கூடையில்தான் வைக்கவேண்டும், தொட்டியின் அடியைத் தொடக்கூடாது. உடம்பைத் தண்ணீருக்குள் வைத்து நாலு பக்கமும் சாய்த்து, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றவேண்டும். காற்று நிற்கும் பாதைக்குள் தண்ணீர் போகாது, தண்ணீர் போகாத இடம் சுத்தமாகாது. பலன் இல்லை என்று சொல்பவர்கள் பலர் இதைத்தான் விட்டிருப்பார்கள். பத்து நிமிடம் ஓட்டி, எடுத்துப் புரட்டி, மறுபடி பத்து நிமிடம். ஜெட்டுகளைத் தனியாக, அதே கரைசல் ஊற்றிய சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பாட்டிலைத் தொட்டிக்குள் நிறுத்திவிடுவேன். அதிர்வு கண்ணாடியைத் தாண்டிப் போகும், ஜெட்டும் தொலையாது.

மெஷின் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தில் பைபாஸ் துளைகளைக் கவனித்துப் பாருங்கள். நாள்பட நின்ற வண்டியின் கார்ப்பரேட்டர் என்றால், துளையிலிருந்து பழுப்பு நிற அழுக்கு மெல்லிய புகை இழை போல வெளியே வரும். பிரஷ்ஷும் காற்றும் போட்டு 'கிளீன் ஆயிடுச்சு' என்று ஒதுக்கிய உடம்பிலிருந்தே அப்படி வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஒருவர் முதலில் இதை நம்பவில்லை. அவர் கழுவிக் கொடுத்த யூனிகார்ன் கார்ப்பரேட்டரையே போட்டுக் காட்டியபோது குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ளயா இவ்வளவு இருந்துச்சு?" என்றார். இப்போது ஐடிலிங் பிடிக்காத வண்டி வந்தால் கார்ப்பரேட்டரைப் பிரித்து என்னிடம் அனுப்பிவிடுகிறார்.

தொட்டியிலிருந்து எடுத்ததும் சுடுதண்ணீரில் நன்றாக அலசி, ஒவ்வொரு பாதையிலும் கம்ப்ரசர் காற்று அடிக்கவேண்டும். இதைத் தள்ளிப்போடக்கூடாது. பெயர்ந்த அழுக்கு உள்ளேயே நின்றால் காய்ந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும், ஈரம் நின்றால் துத்தநாகம் வெளுத்துப் பூக்கும். கடைசியாக, பைலட் ஜெட் உட்காரும் துளைக்குள் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயின் குழாயை வைத்து அடித்துப் பார்ப்பேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்பாராத பக்கத்திலிருந்து கண்ணில் பீய்ச்சும். பைலட் வாயிலிலும் பைபாஸ் துளைகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கீற்று வந்தால் பாதை திறந்துவிட்டது. ஒன்றில் வராவிட்டால் திரும்பவும் தொட்டிக்குத்தான்.

முழுக்க இறுகி அடைத்த ஜெட்டை இது சில நேரம் திறப்பதில்லை. கரைசல் ஒரு பக்கமாவது உள்ளே போகவேண்டும். அப்படிப்பட்டதை ஒரு ராத்திரி கார்ப் கிளீனரில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, பிறகு தொட்டியில் போட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும். தண்ணீர் நின்று பௌலில் விழுந்த குழிகள் திரும்ப நிரம்பாது. தேய்ந்த ஸ்லைடு, தேய்ந்த நீடில், நுனியில் வளையம் விழுந்த ஃப்ளோட் வால்வு இவற்றுக்கெல்லாம் சுத்தம் மருந்தாகாது. ஓவர்ஃப்ளோ ஆகும் வண்டியைக் கொண்டுவந்து "மெஷின்ல போட்டுக் குடுங்க" என்று கேட்டால் வால்வைத்தான் மாற்றச் சொல்வேன்.

மெஷின் எப்படித் தாங்குகிறது? டிரான்ஸ்டியூசர்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. தொட்டியின் அடியில், அவை ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே, பளபளப்பு போய்ச் சாம்பல் நிற வட்டங்கள் தெரிகின்றன. குமிழ்கள் உலோகத்தையும் மெல்ல அரிக்கும் என்பதன் அடையாளம் அது. அடியில் மண் தங்கினால் அரிப்பு வேகமாகும், அதனால் ஒவ்வொரு முறையும் தொட்டியைத் துடைத்து வைக்கிறேன். தண்ணீர் மட்டம் குறைந்த நிலையில் ஓட்டியதே இல்லை, அது டிரான்ஸ்டியூசருக்கு எமன். அரை மணி நேரம் ஓடினால் கொஞ்சம் ஆறவிடுகிறேன். ஹீட்டர் மந்தம், 60 டிகிரிக்குப் போக ரொம்ப நேரம் எடுக்கிறது. நான் அடுப்பில் சூடாக்கிய தண்ணீரை ஊற்றிவிடுகிறேன். கீச்சென்ற இரைச்சல் மட்டும் பழகவே இல்லை. மூடியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஓடும்போது கையை உள்ளே விடக்கூடாது. பழைய கரைசலில் எண்ணெயும் பெட்ரோல் பிசினும் கலந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயிலோடு பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் ஒரே வண்டி, அதையும் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் இதை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் கார்ப்பரேட்டரை மட்டும் பிரித்துக் கொடுத்தால் போதும். பழைய வண்டிகள் இரண்டு மூன்று வைத்திருப்பவர்களும் சின்னப் பட்டறை நடத்துபவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒற்றை சிலிண்டர் கார்ப்பரேட்டருக்கு 3 லிட்டர் சரியாக இருக்கும். பட்டறைக்கென்றால் 6 லிட்டரும், அடியில் வடிகால் குழாய் உள்ள மாடலும் எடுங்கள். என்னுடையதில் அந்தக் குழாய் இல்லை, ஒவ்வொரு தடவையும் தொட்டியைத் தூக்கிச் சாய்த்துத்தான் கொட்டவேண்டியிருக்கிறது.