தொடை எலும்பு முறிவு: கட்டா, எடையா, பிளேட்டா, ராடா?

நாற்கரச் சாலை விபத்தில் தொடை எலும்பின் நடுத்தண்டு முறிந்த ஒருவரைப் பார்க்க மதுரைப் பக்கத்து உறவினர்கள் கூடினால், நாட்டுக்கட்டு போதும் என்று ஒருவரும், எடை கட்டித் தொங்கவிட்டாலே கூடிவிடும் என்று இன்னொருவரும், பிளேட் (எலும்பின்மேல் திருகிப் பொருத்தும் உலோகத் தகடு) அல்லது ராடு (எலும்புக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) வைத்தே தீரவேண்டும் என்று மற்றவர்களும் சொல்வார்கள். இந்த நான்கையும் சமமாக நிறுத்தி எடைபோட முடியாது என்பதே என் கருத்து.

முறிவைக் கண்டறிவது எளிது போலத் தோன்றும். தொடை வீங்கி, கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் தொடைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் தேங்கிவிடலாம். அவ்வளவு வலுவான எலும்பை முறித்த விசை நெஞ்சையும் வயிற்றையும் விட்டுவைத்திருக்கும் என்று கொள்ளக்கூடாது. எக்ஸ்ரே இரண்டு கோணங்களில், இடுப்பு மூட்டும் முழங்காலும் அடங்குமாறு எடுக்கப்பட வேண்டும். தண்டோடு சேர்ந்து, இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்பின் கழுத்துப் பகுதியிலும் மெல்லிய விரிசல் இருந்து, முதல் படத்தில் தப்பிவிடுவது உண்டு. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் உதவும்.

முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் முறைமீது நம் ஊரில் மதிப்பு உண்டு. சுளுக்குக்கோ, விலகாத சிறு விரிசலுக்கோ அது ஆறுதல் தந்திருக்கலாம். ஆனால் தொடையின் பெருந்தசைகள் முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துக்கொண்டே இருப்பதால், தடித்த சதைக்கு வெளியே போடப்படும் எந்தக் கட்டும் அவற்றை நேராகப் பிடித்து வைக்காது. எலும்பு கூடினாலும் குட்டையாகவோ வளைந்தோ கூடும். கட்டு இறுகினால் இரத்த ஓட்டமும் தடைபடும்.

எடை கட்டுவது அந்த இழுப்பை எதிர்த்துச் செயல்படுவதால் அறிவியல்பூர்வமானதுதான். எனினும் பெரியவர்கள் இரண்டு மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க நேர்வதால் படுக்கைப்புண், காலில் இரத்தக்கட்டி, முழங்கால் இறுக்கம் ஆகியவை துணைக்கு வந்துவிடுகின்றன. இன்று அது பெரும்பாலும் அறுவைக்குக் காத்திருக்கும் இடைவெளிக்கு உரியது.

உண்மையான போட்டி பிளேட்டுக்கும் ராடுக்கும்தான். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ச்சர் என்ற அறுவை மருத்துவர் எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் ஆணியைச் செலுத்திக் காட்டினார்; இன்றைய ராடு அதன் வழிவந்ததே. பின்னர் இருமுனைகளிலும் பூட்டுத் திருகுகள் சேர்ந்தபோது, எலும்பு சுழல்வதும் குட்டையாவதும் கட்டுக்குள் வந்தன. பிளேட் எலும்பின் பக்கவாட்டில் நின்று சுமை தாங்குகிறது. ராடு நடுவிலேயே நின்று எலும்போடு சுமையைப் பகிர்கிறது. அதனால் ராடு வைத்தவர் பல நேரங்களில் ஓரிரு நாளிலேயே வாக்கர் துணையுடன் காலூன்றலாம். பிளேட் வைத்தவர் பெரும்பாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராடு முறையில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட முறிவுகள் கூடிவிடுகின்றன. மூட்டை ஒட்டிய முறிவு, மிகக் குறுகிய மஜ்ஜைக் குழாய், ஏற்கெனவே வைத்த செயற்கை மூட்டு ஆகியவற்றில் பிளேட்டே பொருத்தமாகலாம். நெஞ்சுக் காயத்தால் உடல்நிலை தளர்ந்தவருக்கு முதலில் வெளிச்சட்டம் (தோலுக்கு வெளியே நின்று எலும்பைப் பிடிக்கும் உலோகச் சட்டம்) பொருத்திவிட்டு, தேறியபின் ராடு வைப்பார்கள்.

குழந்தைகள் கணக்கு வேறு. ஐந்து வயதுக்குள் இடுப்போடு சேர்த்த மாவுக்கட்டு பெரும்பாலும் போதும். அதற்கு மேல் பதினோரு வயதுவரை வளையும் மெல்லிய கம்பிகள் வைப்பது வழக்கம்.

செலவுக்கு அஞ்சித்தான் பலர் கட்டைத் தேடுகிறார்கள். சாலை விபத்தெனில் 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கிறது.

ராடு வைத்தபின் வீடு திரும்பும் முன், இரு பாதங்களும் ஒரே திசை நோக்குகின்றனவா, இரு கால்களின் நீளமும் ஒத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. திருகலாகப் பூட்டப்பட்டிருந்தால் எலும்பு கூடுவதற்கு முன் திருத்துவதே எளிது.