எஸ்க்யூலைட்டில் தொடங்கலாம், ஸ்ட்ரிக்ட் போட மறக்க வேண்டாம்

டேட்டாபேஸ் பழக எதை நிறுவுவது, எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எஸ்க்யூலைட்டைத்தான். என் மாலை வகுப்புக்கு வருபவர்கள் பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய லேப்டாப். அதில் சர்வரை நிறுவி, பாஸ்வேர்டு வைத்து முடிப்பதற்குள் ஆர்வமே வடிந்துவிடும். எஸ்க்யூலைட்டுக்கு சர்வரே கிடையாது. முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. பைசா செலவில்லை, உரிமத் தொல்லையும் இல்லை.

கூடவே, அந்தக் கோப்பைத் திரையில் அட்டவணையாகத் திறந்து திருத்த உதவும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ரைட் சேஞ்சஸ்' பொத்தான். நாம் செய்த திருத்தம் அதை அழுத்தினால்தான் கோப்பில் ஏறும். பக்கத்திலேயே 'ரிவர்ட் சேஞ்சஸ்'. கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), ரோல்பேக் (மாற்றத்தைக் கைவிடுவது) என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எஸ்க்யூலைட் ரொம்பவே இளகிய மனசு. 'தொகை' என்ற நெடுவரிசையை இன்டிஜர் (முழு எண்) என்று அறிவித்துவிட்டு, ஒரு வரியில் 500, இன்னொரு வரியில் எழுத்தாகவே 'நூறு' என்று போட்டுப் பாருங்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளும். கூட்டினால் 500.0 என்று காட்டும். 'நூறு' பூஜ்யமாகிவிட்டது, ஒரு பிழைச்செய்தியும் இல்லை! கற்கும்போதே இது பழகிவிட்டால் பின்னால் பெரிய சிக்கல். அதனால் டேபிள் உருவாக்கும்போது கடைசி அடைப்புக்குறிக்குப் பின் ஸ்ட்ரிக்ட் என்று சேர்த்துவிடுங்கள்; 'நூறு' போன்றதை வாங்காமல் பிழை காட்டிவிடும். 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. கமாண்ட் லைனில் வேலை செய்பவர்கள் ஃபாரின் கீ சோதனையையும் (ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையால் தாங்களே இயக்க வேண்டும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லைக் கற்க, புத்தகத்துக்கு என் தேர்வு ஆலன் பியூலியூவின் 'லேர்னிங் எஸ்க்யூஎல்', 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு. சினிமா வாடகைக்கு விடும் கடையின் மாதிரி டேட்டாபேஸை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறார். பயிற்சிகளுக்கு விடையும் பின்னால் இருக்கிறது. ஆங்கிலம் எளிமையானது. எடுத்துக்காட்டுகள் மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸில் என்பதால் தேதிக் கணக்குகள் சில எஸ்க்யூலைட்டில் அப்படியே ஓடாது. டேபிள்களை இணைக்கும் ஜாயினும், வரிகளைக் குழுவாக்கும் குரூப் பையும் தாராளமாக ஓடும்.

இவை கைவந்ததும் சர்வரில் ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸுக்கு மாறிவிடுங்கள். எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பலர் ஒரே சமயத்தில் எழுதும்போது ஒருவரை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வைக்கும் லாக் சிக்கல்களை போஸ்ட்கிரஸில்தான் ஒழுங்காகப் பழக முடியும்.