வீட்டில் கழற்றி மாட்டிய ஏர் பிஸ்டலும் கணபதிப் பட்டறையும்

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கும் மோட்டார் உதிரிப் பாகக் கடைகளுக்கும் நடுவே, போட்டிக்கான ஏர் பிஸ்டல்களையும் ஏர் ரைபிள்களையும் மட்டும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. என் மகள் பத்து மீட்டர் பிரிவில் பயிற்சி பெறும் பிஸ்டலை அங்கே கொடுத்து வாங்கினோம். அந்த வேலையின் தரம் குறித்து விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

பிஸ்டலில் முதலில் இருந்தது சிறு காற்றுக் கசிவுதான். சோமனூரில் விசைத்தறி நடத்தும் என் மைத்துனர், எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டும் கைத்திறன் உள்ளவர், மருமகளுக்கு உதவும் பாசத்தில் அதை வீட்டிலேயே கழற்றி, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் கசிவு நிற்கவில்லை. குண்டுகள் இலக்கில் மேலும் கீழுமாகச் சிதறின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை பெல்லட் என்ற சிறு குண்டை வைத்து மூடிய உடனேயே, ட்ரிக்கரைத் தொடாமலே பிஸ்டல் தானாகச் சுட்டுவிட்டது. குழல் இலக்கை நோக்கி இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பட்டறைக்காரர் பிஸ்டலைக் கையில் வாங்கியதும் காற்றை முழுவதும் வெளியேற்றி, குழல் காலியாக இருப்பதைப் பார்த்து, குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலில் செருகினார். பிறகு, "இதை ஆருங்க கழட்டுனது? எதெது கழட்டுனாரோ வரிசையாச் சொல்லச் சொல்லுங்க" என்றார். மைத்துனரிடம் தொலைபேசியில் பேசி, தொட்ட திருகுகள் அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். புதிய பழுதைத் தேடுவதற்கு முன் பழைய ரிப்பேரை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கும் இந்த முறைதான் அவருடைய பெரிய பலம் என்பேன்.

நாங்கள் சொன்னது கசிவை. அவர் முதலில் எடுத்தது ட்ரிக்கரை. சுடும்போது உள்ளே அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கி, திருகு தளர்ந்ததால் நுனியில் மட்டுமே பற்றியிருந்தது. மூடும் அதிர்ச்சியிலேயே அது நழுவியிருக்கிறது. பிடிப்பின் ஆழத்தைச் சரிசெய்து, போட்டி விதி கேட்கும் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, ட்ரிக்கர் அதைத் தாங்குகிறதா என்று மகளையே பார்க்கச் சொன்னார்.

அடுத்தது கசிவு. சோப்பு நீர் தடவியதும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரின் இணைப்பில் குமிழ் கிளம்பியது. மைத்துனர் போட்டது பம்ப் கடையில் கிடைக்கும் ஷோர் என்ற கடினத்தன்மை அளவில் 70 உள்ள சாதாரண நைட்ரைல் ரப்பர் ஓ ரிங். தண்ணீர்க் குழாய்க்கு அது தாராளம். 200 பார் அழுத்தமுள்ள காற்றை நிறுத்த 90 ஷோர் வேண்டும். அதைவிடப் பட்டறைக்காரரைக் கவலைப்படுத்தியது, வளையத்தில் தடவியிருந்த மெஷின் ஆயில். உயரழுத்தக் காற்றில் கனிம எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால், எல்லாப் பாகங்களையும் கழுவி, சிலிகோன் கிரீஸை மட்டும் மெல்லியதாகப் பூசினார்.

குண்டு சிதறியதன் காரணம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. வேகமானியில் சுட்டபோது, சிறிது நேரம் ஓய்வு கொடுத்த பிறகு வரும் முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிட வேகமாகப் பறந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டர் முழுதாக மூடாமல் அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்பதற்கு அது அடையாளமாம். பிரித்துப் பார்த்தால் அதன் வால்வு அமர்ந்து மூடும் இடத்தில் ஒரு பஞ்சு இழை! நம் பக்கத்துப் பட்டறைகளில் எதைத் துடைக்கவும் கையில் எடுக்கும் பனியன் வேஸ்டிலிருந்து ஒட்டிய இழை அது. அதை நீக்கியபின் குண்டுகளின் வேகம் இவ்வகைப் பிஸ்டலுக்கு வழக்கமான நொடிக்கு 150 மீட்டரை ஒட்டியே நின்றது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் பிஸ்டல் பழுதானதால் நேரத்தை இழந்து, 12ஆம் இடத்தோடு வெளியேறியதைப் பார்த்தவர்களுக்கு, போட்டி நாளில் ஒரு சிறு பாகம் எவ்வளவு பெரிய வலியைத் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே பிரிவில் 2024இல் பாரிஸில் அவர் வெண்கலம் வென்றதை என் மகள் இன்றும் பேசுகிறாள்.

குறைகளும் உண்டு. மாற்றிய பாகங்களைத் தனித்தனியே எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் பில்லில் குறிக்கிறார். வேலை முடிந்ததா என்று நாம்தான் அழைத்துக் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பாகம் வர வேண்டுமென்றால் காத்திருப்பு நீளும். ஆனால் கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுத் திருப்பித் தருகிறார், கூலியும் நியாயமானது.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கிகளை அவர் தொடுவதே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அவற்றைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். சிலிண்டரின் வால்வையும் அவர் திறப்பதில்லை. அதில் பொறித்துள்ள தேதியிலிருந்து பத்தாண்டு கடந்திருந்தால் புதிது வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். போகிறவர்கள் வீட்டில் கழற்றிய திருகுகளையும் வளையங்களையும், உடைந்தவை உட்பட, ஒன்றையும் எறியாமல் கொண்டு செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.