கம்பெனி வெப்சைட்டில் ‘எங்கள் குழு’ பக்கம்: ஏழெட்டு வருடம் பராமரித்த பிறகு

கோவையில் நடுத்தர அளவுத் தொழிற்சாலை எங்களுடையது. பம்ப் செட்டுக்கான பாகங்களை வார்த்து, கடைந்து, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். என் வேலை விற்பனை ஒருங்கிணைப்பு. வெப்சைட் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் ஊழியர்களின் படமும் பெயரும் இருக்கும் பக்கத்தை ஏழெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இப்படி ஒரு பக்கம் தேவையா என்று கேட்டால், தேவைதான். ஆனால் அதை டிசைன் வேலை என்று நினைத்து ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் பாழாகிவிடும். டிசைன் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆட்கள் சேர்வதும் போவதும் முடியவே முடியாது. அதனால் இது எச்.ஆர். வேலை என்பேன்.

டெக்னிக்கல் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எங்களுடையது வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்த உதவும் இலவச மென்பொருள்) தளம். முதலில் ‘டீம்’ பக்கத்துக்கென்றே இருக்கும் ஒரு இலவச பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. எழுதியவர் அதைக் கைவிட்டுவிட்டார் போல, சர்வரில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட கணினி மொழி) பதிப்பு மாறியதும் பக்கம் உடைந்தது. பிறகு கஸ்டம் போஸ்ட் டைப்புக்கு, அதாவது நமக்கு வேண்டிய பதிவு வகையை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதிக்கு, மாறினோம். 2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பெயர், பொறுப்பு, பிரிவு, சேர்ந்த வருடம், சம்மதம் கொடுத்த தேதி ஆகிய கட்டங்களை அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளகினை வைத்துச் சேர்த்தோம். 2024 அக்டோபரில் வேர்ட்பிரஸ்.ஆர்க் அந்த பிளகினைத் தன் பட்டியலில் செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று மாற்றியபோது கொஞ்சம் பதறினேன். விவரமெல்லாம் எங்கள் டேட்டாபேஸிலேயே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று மட்டும் கவனம்: ஊழியர்களை வேர்ட்பிரஸ் யூசர்களாகச் சேர்த்து அதிலிருந்து பக்கத்தை உருவாக்காதீர்கள். லாகின் பெயர்களை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும் வழி அது.

பெயர் விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிய தலைவலி. பெரும்பாலான பிளகின்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பது இனிஷியலும் பெயரும். இனிஷியலை முதல் கட்டத்தில் போட்டால் அகரவரிசையில் எஸ்.காரர்கள் எல்லோரும் ஒரு கூட்டமாக நிற்பார்கள். கடைசிக் கட்டத்தில் போட்டால் முருகன் எஸ் என்று ரயில் டிக்கெட் மாதிரி அச்சாகும். காட்டுவதற்கு ஒரே ஒரு பெயர்க் கட்டம், வரிசைப்படுத்த மறைவாக இன்னொரு கட்டம் என்று வைத்ததும் சரியானது. பி.எஃப். ரெக்கார்டில் இருந்து பெயரை எடுத்துப் போடவும் கூடாது. அது ஆதாரில் இருப்பதுபோல் அப்பா பெயரையும் விரித்து நீட்டியிருக்கும். லட்சுமியா லக்ஷ்மியா என்பதை அவரவரே எழுதித் தரட்டும்.

படம். முதல் சுற்றில் ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, வெள்ளைத் திரை கட்டி, இரண்டே இரண்டு கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு எடுத்தோம். எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கு நின்றவர்கள் போலவே இருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே, ஷெட்டின் கூரைக் கண்ணாடி வழியாக வரும் வடக்கு வெளிச்சத்தில், சாதாரண மொபைலில் எடுத்தோம். பல மடங்கு நன்றாக வந்தது. ஆனால் தொழிற்சாலையில் படம் எடுத்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பின்னணியைப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய டிராயிங், ஜாப் கார்டில் வாடிக்கையாளர் பெயர், மேஜையில் இன்னும் சந்தைக்கு வராத ஒரு பாகம், இதில் எது தெரிந்தாலும் வாடிக்கையாளரோடு போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். பாதுகாப்பு விஷயமும் உண்டு. ஒரு லேத் ஆபரேட்டர், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். லேத்தில் சுழலும் ஸ்பிண்டில் (தண்டு) பக்கத்தில் கையுறை போடவே கூடாது, துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஆடிட்டுக்கு வரும் ஆட்கள் வருவதற்கு முன்பே வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த மாதிரிப் படம் அவர்கள் கண்ணில் தப்பாது.

யாரைப் போடுவது? ஆரம்பத்தில் எம்.டி., டைரக்டர்கள், மேனேஜர்கள் மட்டும். அனலிட்டிக்ஸ் பார்த்தபோது எம்.டி.யின் அறிமுகத்தை யாரும் அவ்வளவாகத் திறப்பதில்லை என்று தெரிந்தது (இதை அவரிடம் சொல்லவில்லை). அதிகம் திறக்கப்படுவது டிஸ்பேட்ச், தரக் கட்டுப்பாடு, சர்வீஸ் ஆட்கள்தான். யோசித்தால் நியாயம்தான். சரக்கு எங்கே என்று வாரம் இரண்டு முறை போனில் பேசும் ஆள் யார், முகம் எப்படி என்று பார்க்க யாருக்கும் ஆசை இருக்கும். ஃபவுண்டரி ஷிஃப்ட் சூப்பர்வைசர்களைச் சேர்த்த பிறகு இன்னொன்றும் நடந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் பையன்கள் தங்கள் லிங்கைப் பெண் வீட்டாருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலை உண்மையா என்று விசாரிக்க ஆள் அனுப்பும் செலவு மிச்சம்.

ஆனால் மோல்டிங்கிலும் (மணல் அச்சு செய்யும் பிரிவு) ஃபெட்லிங்கிலும் (வார்த்த பாகத்தின் பிசிறு நீக்கும் பிரிவு) பாதிப்பேர் கான்ட்ராக்டில் வந்தவர்கள், பீகார், ஒடிசாக்காரர்கள். அவர்களையும் போடலாம் என்றேன். எச்.ஆர். ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு நிரந்தரம் கேட்டு வழக்கு வந்தால் அந்தப் பக்கமே சாட்சியாகிவிடும் என்றார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. அப்படியென்றால் பக்கத்தின் தலையில் ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று இருந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். எடுத்துவிட்டார்கள். வார்ப்பு முழுக்க அவர்கள் கையில் நடக்கிறது, படத்தில் அவர்கள் இல்லை. இந்தக் குறை இன்றுவரை தீரவில்லை.

பெண் ஊழியர்களில் சிலர் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றார்கள். சரி என்று சொன்ன ஒருவர், முன்பின் தெரியாத ஆட்கள் இன்ஸ்டாகிராமில் தேடி வந்து ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள் என்று பிறகு எடுக்கச் சொன்னார். அன்றே எடுத்தோம். படம் தராதவர்களுக்குச் சாம்பல் நிற நிழல் உருவம் போட்டுப் பார்த்தோம், காணாமல் போனவர்கள் பட்டியல் மாதிரி இருந்தது. இப்போது சம்மதித்தவர்களுக்கு மட்டும் படம், மற்றவர்கள் விரும்பினால் பிரிவுவாரியாக வெறும் பெயர். காரணம் கேட்பதில்லை. சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பக்கப் படிவம் போதும்.

அடுத்தது மோசடி. 2022இல் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டில், தலைமை நிர்வாகி அனுப்புவது போல வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சுருட்டினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கும் எம்.டி. படம் வைத்த புது நம்பரில் இருந்து ‘மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் அனுப்பு’ என்று வந்தது. அவர் எழுந்து போய் கேபின் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டார், தப்பித்தோம். முதலாளியின் முகமும் பணம் அனுப்புகிறவரின் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தால் திருடனுக்குப் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ் ஆட்கள் பக்கத்தில் இல்லை. தனிப்பட்ட மெயில், மொபைல் எண் யாருக்குமே கிடையாது. பிரிவுக்கு ஒரு பொது மெயில் முகவரி, ஆபீஸ் எண், அவ்வளவுதான்.

இனி வேலையை விட்டுப் போகிறவர்கள். இதில்தான் பெரும்பாலான கம்பெனிப் பக்கங்கள் கெடுகின்றன. எதிர்க் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடமான ஆள் நம் பக்கத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். வெப்சைட்காரருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது நோ டியூஸ் படிவம். ஐ.டி. கார்டு, டூல் பாக்ஸ், கேன்டீன் பாக்கி எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கும் அந்தத் தாளில் ‘வெப்சைட் படம் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தோம். என் கையெழுத்து இல்லாமல் ரிலீவிங் ஆர்டர் கிடைக்காது. நீக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேர்ட்பிரஸில் அறிமுகப் பக்கத்தை அழித்தாலும் படம் மீடியா ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். கூகுள் தேடலில் வருவதை, தள உரிமையாளர்களுக்கான சர்ச் கன்சோல் வழியாக நீக்கச் சொல்லலாம், ஆனால் அது சுமார் ஆறு மாதத்துக்குத்தான் மறைத்து வைக்கும். அதற்குள் அந்த முகவரி 404 அல்லது 410 (பக்கம் இல்லை என்று சொல்லும் எண்கள்) காட்டவில்லை என்றால் திரும்ப வந்துவிடும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் ஒருவேளை எடுத்து வைத்திருக்கும் நகல் நம் கையில் இல்லை. அதையும் சம்மதப் படிவத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

பலன் உண்டா? ஆர்டர் வந்ததா என்று கேட்டால் கணக்குக் காட்ட முடியாது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்து இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகள், சூப்பர்வைசர் ஒருவர் இங்கேயே ஆபரேட்டராகச் சேர்ந்து மேலே வந்தவர் என்று படித்துவிட்டு வந்து அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்காகவே ‘சேர்ந்த வருடம்’ என்ற கட்டத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

எம்.டி.யின் பயம் வேறு: நல்ல ஆட்களை நாமே விளம்பரம் செய்து மற்றவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறோமோ என்பது. லிங்க்ட்இனில் எல்லோரும் இருக்கிறார்கள், கன்சல்டன்சிகளுக்கு நம் பக்கம் தேவையே இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மற்ற பிரிவுகளுக்குச் சம்மதித்தார். டை (அச்சு) செய்யும் டூல் ரூம் ஆட்களை மட்டும் இன்னும் போட விடவில்லை. டை செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பது இந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால், அந்த ஒரு விஷயத்தில் நானும் வற்புறுத்துவதில்லை.