டி.எச். ரோடு சந்து ஃபிசிக்ஸ் டியூஷன்: எறிபொருள் கணக்குக்காகவே போலாம்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் லெவன்த் படிக்கிற புள்ளைங்க வீட்ல இருந்தா இது யூஸ் ஆகும். டி.எச். ரோட்ல இருந்து உள்ள போற சந்துல ஒரு மாடில நடக்குது, போர்டு கூட கிடையாது, கீழ ஜெராக்ஸ் கடைல கேட்டா கைய காட்டுவாங்க. தம்பி கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். இயக்கவியல் பாடத்துல எறிபொருள், அதாவது எறிஞ்ச பொருள் எப்படி பறந்து வுழுதுன்ற கணக்கு, வந்த உடனே எனக்கு வராதுன்னு புக்க மூடிட்டான், அதான் இங்க சேத்து வுட்டோம். சனி ஞாயிறு காலைல கிளாஸ். கூட்டினு போறப்பல்லாம் நானும் கடைசி பெஞ்ச்ல உக்காந்துக்குவேன், சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

முக்கியமான விஷயம், இவரு ஃபார்முலாவ மொதல்ல குடுக்கறது இல்ல. மத்த எடத்துல எல்லாம் போன உடனே பறக்கும் நேரம் ரெண்டு யூ சைன் தீட்டா பை ஜி, எவ்ளோ தூரம் தள்ளி வுழும்ன்ற நெடுக்கம் யூ ஸ்கொயர் சைன் ரெண்டு தீட்டா பை ஜின்னு (யூ எறியற வேகம், தீட்டா எறியற கோணம், ஜி புவியீர்ப்பு முடுக்கம்) எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண சொல்லிடுவாங்க. இங்க போர்ட நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிக்கிறாரு, இந்தப் பக்கம் கிடைத்தளம், அந்தப் பக்கம் செங்குத்து. கிடைத்தளத்துல முடுக்கம் ஜீரோ, செங்குத்துல ஜி, ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது டைம் மட்டும்தான், எந்தக் கணக்கு வந்தாலும் மொதல்ல அந்த டைம புடிங்கடான்றாரு. 20 மீட்டர் மாடில இருந்து செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல கல்ல நேரா முன்னாடி வுட்டா, ஜி 10னு வெச்சா, கீழ வர 2 செகண்ட், அதுக்குள்ள 30 மீட்டர் தள்ளி போயிருக்கும், தரைல மோதுறப்ப வேகம் 25. அந்த 15 வேகத்துக்கும் வுழற நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல, அதே மாடில இருந்து சும்மா கைய வுட்ட கல்லும் அதே 2 செகண்ட்லதான் வுழும்னு சொன்னப்ப ஒரு பொண்ணு நம்பவே இல்ல, திரும்ப திரும்ப கேட்டுட்டே இருந்துச்சு, அவரும் சலிச்சுக்காம சொன்னாரு.

அடுத்து வெச்சாரு பாருங்க ஒரு கணக்கு. 15 மீட்டர் உயரத்துல இருந்து 20 வேகத்துல 30 டிகிரி மேல பாத்து எறியறோம், எவ்ளோ நேரம் பறக்கும்? வேற டியூஷன்ல இருந்து வந்த பசங்க டக்குனு ஃபார்முலாவ போட்டு 2 செகண்ட்னு கத்துனாங்க. தப்பு. எறிஞ்ச மட்டத்துலயே திரும்பி வந்து வுழுந்தாதான் அந்த ஃபார்முலா செல்லும். இங்க அதுக்கும் கீழ 15 மீட்டர் போவுது, மேல பிளஸ்னா கீழ மைனஸ் 15, அத வெச்சு போட்டா டி ஸ்கொயர் மைனஸ் ரெண்டு டி மைனஸ் மூணு ஈக்குவல் டு ஜீரோ, விடை 3 செகண்ட், தூரம் கிட்டத்தட்ட 52 மீட்டர். மைனஸ் 1னு இன்னொரு விடை வருதே அது இன்னா சார்னு தம்பி கேட்டான். இதே பாதைல பந்து தரைல இருந்தே வந்திருந்தா நீ எறியறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே கெளம்பியிருக்கணும், அதாம்பா அதுன்னாரு. நான் படிச்சப்ப மைனஸ்னா அடிச்சு வுட்டுடுனு மட்டும்தான் சொன்னாங்க.

இன்னொண்ணு. உச்சில போனதும் பந்து நிக்குமானு கேட்டாரு. மொத்த கிளாஸும் நிக்கும் சார்னுச்சு. நின்னா அங்கருந்து நேரா கீழதானடா வுழணும், ஏன் முன்னாடி போவுதுன்னாரு, அப்படியே கப்சிப். செங்குத்து வேகம் மட்டும்தான் அங்க ஜீரோ, கிடைத்தள வேகம் அப்படியே இருக்கும், ஜியும் எங்கயும் போவல. நீட்டுக்கு படிக்கிறவங்களுக்கு இது ரொம்ப தேவை, தப்பா டிக் அடிச்சா மைனஸ் மார்க் வேற.

45 டிகிரில அதிக நெடுக்கம், 30க்கும் 60க்கும் ஒரே நெடுக்கம், இதெல்லாம் சீக்கிரமா முடிச்சிட்டாரு, போதும்.

இப்ப குறை. ஜெராக்ஸ் ஷீட் குடுக்கறாங்க, அதுல சில கணக்குக்கு ஜி 10, சிலதுக்கு 9.8, எது எதுக்குன்னு எங்கயும் போடல. 20 வேகம் 30 டிகிரிக்கு நெடுக்கம் ஒண்ணுல 34.6 வரும் இன்னொண்ணுல 35.3 வரும், புள்ளைங்க தாங்க தப்பா போட்டோம்னு நெனச்சு அழிச்சு அழிச்சு போடுதுங்க. அப்புறம் போர்ட்ல எல்லாம் இங்கிலீஷ்தான். வாயால பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம்னு சொல்றாரு, ஆனா எழுத மாட்டேன்றாரு, தமிழ்ல பரிச்சை எழுதற புள்ளைக்கு அது கஷ்டம். வியாசர்பாடில ஃபுட்பால் ஆடற பையன் ஒருத்தன், ஃப்ரீ கிக் வளைஞ்சு போவுதே சார் அது எப்டினு கேட்டதுக்கு சிலபஸ்ல இல்லனு உக்கார வெச்சிட்டாரு. காத்து தள்ளுறத இந்தக் கணக்குல சேக்கறது இல்லடானு ஒரு வரி சொல்லியிருந்தா அவனும் சமாதானமாயிருப்பான். சாய்தளத்துல எறியற கணக்கும் இங்க கிடையாது, ஜேஇஇ எழுதறவங்க வேற எடம் பாத்துக்கோங்க.

மாடி ஷீட் கூரை, பதினோரு மணிக்கு மேல வேகுது, ரெண்டு ஃபேன் பத்தல. ஃபீஸ் மாசம் 800, அட்வான்ஸ் எதுவும் கேக்கல, லேட்டா குடுத்தாலும் புள்ளைய வெளிய நிக்க வெக்கறது இல்ல. சேக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம சும்மா உக்காந்து பாக்கவும் வுடறாரு. பைக்க மட்டும் மெயின் ரோட்லயே போட்டுட்டு நடந்து போங்க, சந்துல தண்ணி லாரி வந்துச்சுன்னா அது கெளம்புற வரைக்கும் வெளிய எடுக்க முடியாது.