கொளத்தூர் சந்துக் கடை: ஐந்து கப்பி மீனுக்கு மேல் தர மறுத்தவர்

சென்னை கொளத்தூர் மெயின் ரோட்டில் வரிசையாக மின்னும் பெரிய வண்ண மீன் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், பத்தடி அகலத்தில் இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் காலி ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று சாய்ந்து நிற்கும். உள்ளே இரண்டு பேர் ஒன்றாக நிற்க முடியாது, வெக்கை தாங்காது. ஆனாலும் முதல் மீன் வாங்கப் போகிற யார் கேட்டாலும் நான் இந்தக் கடையைத்தான் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஊரின் வேறொரு பக்கம் ஒரு கடையில் தொட்டி, மோட்டார், எட்டு கோல்டு ஃபிஷ் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் கடைசி மீனும் மிதந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒவ்வொன்றையும் துளசிச் செடிக்கடியில் புதைத்தாள். கடையில் போய்ச் சொன்னால், "தண்ணி செட் ஆகலை, வேற எட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவள். எது செட் ஆகவில்லை, எவ்வளவு இருக்கணும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை. தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

இந்த வருடம் மகள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் இறங்கினேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்தால் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். ரத்தம் பழுப்பாகி ஆக்ஸிஜனை ஏற்காது. இதைப் படித்தபோது எனக்கு அந்த எட்டு மீனும் ஞாபகம் வந்தது. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டோம்.

முதல் தடவை இந்தக் கடைக்குப் போனது ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்க. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மீன் இல்லாமலே தொட்டியை சைக்கிள் பண்ணப் போகிறேன், அதாவது அம்மோனியா மட்டும் போட்டு அந்த பாக்டீரியாவை முதலில் வளர்க்கப் போகிறேன் என்றதும் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் பையில் பிழிந்து கட்டிக் கொடுத்தார். காபிக் கசடு மாதிரி ஒரு தண்ணீர், அதில்தான் அந்த பாக்டீரியா. "இது அழுக்கு இல்லம்மா, இதுதான் சரக்கு. ஃபில்டர் பக்கத்துல ஊத்து." காசு வாங்கவில்லை.

தொட்டி தயாராக 26 நாள் ஆனது. தண்ணீரைச் சோதிக்கிற ஏபிஐ மாஸ்டர் கிட் விலை கூடத்தான், ஆனால் அது இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது. வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் பலமாகக் குலுக்கணும், சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிஷம் குலுக்கணும். இல்லாவிட்டால் ரிசல்ட் குறைவாக வரும். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ வந்த அன்று நைட்ரேட் 80 காட்டியது. 70 சதவீதம் தண்ணீர் மாற்றினேன், 20-ஐ ஒட்டி இறங்கியது. மறுநாள் ஞாயிறு, கொளத்தூர்.

டெஸ்ட் ரிசல்ட் எழுதி வைத்த நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். பின்னால் நின்ற கஸ்டமரைக் காத்திருக்கச் சொன்னார்.

"டேங்க் எவ்ளோம்மா?"

"ரெண்டடி. 60 லிட்டர் நிக்கும்."

"போர் தண்ணியா, மெட்ரோவா?"

"போர். பிஹெச் 8 வருது."

நான் கேட்டது 15 நியான் டெட்ரா. தலையை ஆட்டினார். "உன் வீட்ல தண்ணி 30 டிகிரி இருக்கும். நியான் குளிர்ச்சியான, மென்மையான தண்ணி கேக்குற மீன். இங்க உப்புத் தண்ணிக்கு கப்பி, பிளாட்டி, மாலிதான் சொகமா இருக்கும். அஞ்சு ஆண் கப்பி எடுத்துக்க." ஆண் மட்டும் ஏன் என்றால், பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் வைத்திருந்து திரும்பத் திரும்பக் குட்டி போடும், இந்தத் தொட்டி தாங்காது.

2 பிபிஎம் தாங்கின தொட்டி பன்னிரண்டு கப்பியையும் தாங்குமே என்று நான் விடவில்லை. "தண்ணி தாங்கும்மா. ஒண்ணுக்கு நோவு இருந்தா அஞ்சோட போவும். பன்னெண்டா இருந்தா பன்னெண்டும் போவும். நீயும் தீனி போட்டுப் பழகணும். ரெண்டு வாரம் கழிச்சு வா." கையில் பணத்தோடு நிற்கிறவளிடம் ஒரு வியாபாரி சொன்ன வார்த்தை இது. ஐந்துக்கும் சேர்த்து 100 ரூபாய்.

பிடிக்கும் முன் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவைத் தன் தொட்டியில் விட்டுக் காட்டினார்: 430. என் வீட்டில் 780. "அவசரப்படாத." பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று ஒரு மணி நேரம் என் தண்ணீரைக் கலந்தேன். பைத் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வலையில் எடுத்து மீனை மட்டும் விட்டேன். அன்றைக்கு விளக்கு போடவில்லை. மகள் இருட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறையும் சொல்லணும். நாலாம் நாள் ஒரு கப்பி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றது. வீடியோ எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியவர் இல்லை. வேலைப் பையன் லேபிள் இல்லாத பாட்டிலில் நீல மருந்தைக் கொடுத்து, "எதுக்கும் ஒரு மூடி ஊத்துங்கக்கா" என்றான். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எதற்கு என்று எழுதாத பாட்டிலை நான் தொட மாட்டேன். மெத்திலீன் ப்ளூவாக இருந்தால் ஃபில்டரில் வளர்த்த பாக்டீரியாவையும் அது கெடுக்கும். 26 நாள் உழைப்பு. வாங்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் பெரியவரே போனில் கூப்பிட்டார். "மருந்து வேணாம்மா. தண்ணி மாறினதுல சோர்ந்திருக்கும். தீனியைப் பாதியாக் கொறை, பாரு." இரண்டு நாளில் துடுப்பு விரிந்தது. கடையில் மருந்துகளுக்கு லேபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை போகும்போது பார்ப்பேன்.

தொட்டிகளில் விலை எழுதுவதில்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வலையைத் தொட்டிக்குத் தொட்டி அப்படியே மாற்றாமல், நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த பக்கெட்டில் முக்குகிறார்கள். இதை நான் நின்று கவனித்தேன்.

இன்று பதினோராம் நாள். அம்மோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ, ஐந்தும் உயிரோடு. வாலில் ஆரஞ்சுப் புள்ளி உள்ளதற்கு மகள் 'ஜிலேபி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

போகிறவர்கள் ஞாயிறு காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பெரியவர் பேச நேரம் இருக்கும். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார். சந்துக்குள் கார் நுழையாது.